நரேன் சிங்குக்குப் போன கடிதம்

அத்தியாயம் 11

மூன்று இரும்புத் துணுக்குகளில் ஆரம்பித்த விவகாரம் இது. தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

டில்லி ஜனக்புரியில் குடியிருக்கும் கலியன், வேலூர் மாவட்டம் கண்ணமங்கலத்துக்காரர். பதினேழு வருஷம் ராணுவம், அப்புறம் வங்கியில் துப்பாக்கிக் காவலர், இப்போது அறுபத்திரண்டு வயதில் வீட்டோடு. இடது இடுப்பில் இருக்கும் பெரிய தழும்பு பதான்கோட்டில் லாரி மோதி வந்தது என்றுதான் மனைவி பூங்கோதையிடமும் மகள் கனிமொழியிடமும் சொல்லி வைத்திருந்தார். போன ஜூலையில் இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் டாக்டர், "சண்டையில இருந்தவரா நீங்க? உள்ளே மூணு துணுக்கு கிடக்குதே" என்று கேட்டுவிட்டார். லாரிக் கதை அத்தோடு முடிந்தது. எண்பத்தெட்டில் இலங்கைக்குப் போன படையில் இருந்தேன், அங்கே குண்டு வெடித்தது என்று ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கனிமொழி விடுவாளா? லோதி ரோட்டில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். படிவத்தில் காலியாக ஒரு கட்டம் இருந்தாலே அவளுக்குக் கை அரிக்கும். போரில் காயம்பட்டவர்களுக்கு ஒரு பதக்கம் உண்டு, அப்பா அதைக் கேட்கவே இல்லை என்று தெரிந்ததும் விண்ணப்பத்தைத் தானே தயார் செய்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டாள். கூட இருந்த ஒருவரின் சாட்சி வேண்டும் என்று பதில் வந்தது. விண்ணப்பத்துக்குக் காகிதம் எடுத்த அப்பாவின் டிரங்குப் பெட்டியை மறுபடி குடைந்தாள். பழைய டைரி ஒன்றில், வேறு யாருடைய கையெழுத்திலோ ஒரு விலாசம் இருந்தது. லான்ஸ் நாயக் நரேன் சிங், டிரைவர், நஜஃப்கர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவிடம் கேட்காமலே, அழகான ஹிந்தியில் அவருக்கு ஒரு கடிதம் போட்டாள்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை ஒரு பெண்மணி போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருகிறோம் என்றார்.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை.

*

"அப்பா, நரேன் அங்கிளுக்கு ஷுகர் இருக்குமா? சாயில சக்கர போடலாமா?"

காலை எட்டு மணிக்கே கனிமொழி ஆரம்பித்துவிட்டாள். கலியன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தெரியலம்மா" என்றார்.

தெரியாமல் என்ன? நரேன் சிங் செத்து முப்பத்தேழு வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் கலியன்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கனிமொழி போனை வைத்துவிட்டு, "ஆண்ட்டிதான் பேசினாங்கப்பா, சண்டே வர்றாங்களாம்!" என்று குதித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் சமையலறையிலிருந்து பூங்கோதை, "எத்தினி பேரு வராங்களாம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஒரு செத்த மனிதனை வரவேற்க வீடே தயாராவதைப் பார்த்துக்கொண்டு, நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சோபாவுக்குப் புது உறை வந்துவிட்டது. தமிழ்க் கடைக்குப் போய்ச் சரிகை போட்ட பொன்னாடை ஒன்று வாங்கி, மடிப்புக் கலையாமல் மேஜைமேல் வைத்திருந்தாள் பூங்கோதை. புருஷன் உயிரோடு திரும்பி வந்ததற்குச் சாட்சி சொல்ல வருகிற மனிதருக்குச் சும்மா டீ கொடுத்து அனுப்ப முடியுமா என்பது அவள் கட்சி.

"இன்னாங்க, அவரு கறி சாப்புட்றவரா, இல்ல சைவமா?"

"எனுக்கு ஞாபகம் இல்ல பூவு."

"ஒரே தட்டுல துன்னுருப்பீங்க, அதுகூடவா ஞாபகம் இல்ல? வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?"

நரேன் கறி சாப்பிட மாட்டான். வெங்காயம்கூட செவ்வாய்க்கிழமை தொட மாட்டான். எல்லாம் ஞாபகம் இருந்தது. பாழாய்ப் போன ஞாபகத்துக்கு என்ன குறை?

"சைவமே பண்ணிடு" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப பனீரு வாங்கியாங்க. அப்படியே ராஜி வூட்டாண்ட போயி..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பக்கத்து பிளாக் ராஜியிடம் அவள் இரவல் வாங்கிப் படிக்கும் வாரப் பத்திரிகை ஒன்று தலையணைக்கு அடியில் இருந்தது. கலியனுக்குத் தமிழ் வாரப் பத்திரிகை வீட்டுக்குள் வந்தாலே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கஞ்சத்தனம் என்று பூங்கோதை முடிவு கட்டி, வருஷக் கணக்கில் ஒளித்து ஒளித்துப் படித்து வருகிறாள்.

கலியன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெளியே போனாலாவது மூச்சு விடலாம் என்று நினைத்தார்.

படி இறங்கியதுமே சொசைட்டி செயலாளர் சதாசிவம் எதிரில் வந்துவிட்டார். தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்க்காரர்.

"வாங்க கலியன் சார்! மெடல் வரப்போறதாமே? கனிமொழி சொன்னா. ஜனவரி இருபத்தாறுக்கு இந்தத் தடவை நீங்கதான் கொடி ஏத்தணும். கமிட்டியில பேசியாச்சு."

நேற்று வரை வெறும் கலியன், இன்று கலியன் சார். போன ஜனவரியில் பி பிளாக் கர்னலைக் கூப்பிட்டுக் கொடி ஏற்றச் சொன்னார்கள். இதே சதாசிவம்தான், "கலியன், ஒங்களுக்குத்தான் பழக்கமாச்சே, அந்தச் சேரையெல்லாம் கொஞ்சம் வரிசையாப் போட்டுடுங்கோ" என்றார். கலியன் போட்டார். அறுபது நாற்காலி. அன்று மனசுக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டது. கனிமொழி விண்ணப்பத்தை நீட்டியபோது அந்த முறுக்குத்தான் பேனாவைப் பிடித்தது.

வேண்டாம் வேண்டாம் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தவர் கடைசியில் கையெழுத்துப் போட்டது மகள் தொல்லை தாங்காமல் அல்ல. ஆசைப்பட்டுத்தான் போட்டார். அதை நினைத்தால் காது மடல் சூடாகியது.

பனீர் வாங்கியாயிற்று. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றார். உத்தம் நகர் போகும் பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறிவிட்டால் என்ன என்று தோன்றியது. எங்கேயாவது இறங்கி, ஆறு மணி வரை பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, மயக்கம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு காலைப் படியில் வைத்தே விட்டார்.

"சட்னா ஹை தோ சடோ, அங்கிள்! ஜல்தி!" என்று, ஏறுவதானால் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கண்டக்டர் கத்தினான்.

காலை எடுத்துக்கொண்டார். இது புது வழக்கமும் அல்ல. தொண்ணூற்றாறில் இதே போல நஜஃப்கர் பஸ் ஸ்டாண்ட் வரை போயிருக்கிறார். அங்கே ஒரு கடையில் டீ குடித்தார். கிராமத்துக்கு எந்த ஷேர் ஜீப் என்றுகூட விசாரித்தார். பிறகு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

யாருக்கு எது நடந்தாலும் மற்றவன் அவன் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் அது எழுதாத சட்டம். அதற்காகத்தான் ஒருவன் டைரியில் மற்றவன் தன் கையாலேயே விலாசம் எழுதிக் கொடுப்பான். நரேன் எழுதிக் கொடுத்ததும் அதற்குத்தான். அந்த விலாசத்தைத்தான் கனிமொழி சாட்சிக்கு ஆள் பிடிக்கும் விலாசம் என்று நினைத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன? அப்பா சொல்லாத வீட்டில் மகளுக்கு எப்படித் தெரியும்?

*

நாலு அடிக்கப் பத்து நிமிஷம். கனிமொழி விண்ணப்ப ஃபைலைப் பொன்னாடைக்குப் பக்கத்தில் வைத்தாள். பூங்கோதை பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். கலியன் இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தார்.

"கனி."

"க்யா ஹுவா அப்பா? நெர்வஸா?"

"நரேன்..." என்று ஆரம்பித்தார்.

மணி அடித்தது. கனிமொழி ஓடினாள்.

வாசலில் ஒரு அம்மாள். வெளிர் நிறச் சல்வார், தலையை மூடிய துப்பட்டா, அறுபதை ஒட்டிய வயது, கையில் ஒரு நெய் டப்பா. பின்னால் முப்பத்தைந்து நாற்பது வயதில் ஒரு மகன். அம்மாளின் பெயர் சந்தோஷ். நம் பக்கத்தில் ஆண் பிள்ளைக்கு வைக்கிற பெயர், இந்தப் பக்கத்தில் பெண்களுக்கும் உண்டு. மகன் பெயர் அர்ஜுன். இனி அங்கே பேசிக்கொண்டது பெரும்பாலும் ஹிந்தியில். நம் வசதிக்குத் தமிழில் தருகிறேன்.

"வாங்க ஆண்ட்டி, வாங்க" என்று கனிமொழி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நிமிர்ந்து, அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். "அங்கிள் வண்டியை நிறுத்திட்டு வர்றாரா?"

சந்தோஷ் வாசலிலேயே நின்றார். முதலில் கனிமொழியைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாகக் கலியனைப் பார்த்தார்.

"பாயி சாப், நீங்க வீட்டுல சொல்லலையா?"

கலியன் தலையைக் குனிந்துகொண்டார். தரை பிளந்து இடம் கொடுத்திருந்தால் அந்த நிமிஷமே இறங்கியிருப்பார். இருந்தது மூன்றாவது மாடி.

"அவர் போய் முப்பத்தேழு வருஷம் ஆச்சு, மகளே" என்றார் சந்தோஷ், கனிமொழியின் கன்னத்தைத் தொட்டு. "உங்கப்பாவுக்கு அடிபட்ட அதே அன்னிக்கு, அதே வண்டியில."

கனிமொழிக்கு முகம் வெளுத்துவிட்டது. தான் எழுதிய கடிதத்தின் முதல் வரி அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். 'தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.' அந்த வீட்டில் அதை எப்படிப் படித்திருப்பார்கள்?

"மன்னிச்சுடுங்க ஆண்ட்டி. எனக்கு... அப்பா எதுவுமே..."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே? போஸ்ட்மேன் வாசல்ல நின்னு நரேன் சிங்னு கூப்பிட்டான். அந்தப் பேரை இத்தனை வருஷத்துல வெளி ஆள் யாரும் கூப்பிட்டதில்ல. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது."

பூங்கோதைக்கு ஹிந்தி பேசத்தான் வராதே தவிர, புரியாதது எதுவும் இல்லை. மேஜைமேல் இருந்த பொன்னாடையைச் சத்தமில்லாமல் எடுத்து, முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் சொம்பு இருந்தது. புருஷன் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

*

சந்தோஷ் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் துப்பட்டா முடிச்சிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது உங்களுக்கு, பாயி சாப். என் வீட்டுக்காரர் எழுதின கடிதத்துல உங்களைப் பத்தி இருக்கு. 'என் வண்டியில வயர்லெஸ்ஸோட உட்கார்றவன் ஒரு மதராசி, நல்ல பையன்'னு. அதையெல்லாம் சேர்த்து அர்ஜுன் எழுதிக் கொடுத்தான், நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சியா இதை ஏத்துக்குவாங்களான்னு தெரியாது. உங்களுக்கு அந்தப் பதக்கம் வரணும்."

கலியன் காகிதத்தைத் தொடவில்லை. 'நல்ல பையன்' என்ற இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது.

"நான் வந்தது ஒரே ஒரு கேள்விக்கு" என்றார் சந்தோஷ். "அவர் பதினாறு வயசுல டிராக்டர்ல உட்கார்ந்தவர். வண்டிக்குத் தண்ணி காட்டாம தான் ஒரு வாய் குடிக்க மாட்டார். ஆனா விசாரணைக் காகிதத்துல, ரேடியேட்டர்ல தண்ணி இல்லாம எஞ்சின் சூடாகி, நிக்கக் கூடாத இடத்துல வண்டி நின்னுதுன்னு எழுதியிருக்கு. பென்ஷன் வந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்க தெருவுல அவருக்குப் பேரே தண்ணி ஊத்தாத டிரைவர்னு ஆயிடுச்சு. தன்னையும் கொன்னான், கூட இருந்த மதராசியையும் நொண்டியாக்கினான்னு மாமியாரே சொல்லிட்டாங்க."

அர்ஜுன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இவன் ஸ்கூல் வேன் ஓட்டறான்" என்றார் சந்தோஷ். "அப்பா போனப்போ நாலு மாசக் குழந்தை. இன்னிக்கும் எழுந்ததும் பல் விளக்கறதுக்கு முன்னாடி வண்டிக்குத் தண்ணி பார்ப்பான். அன்னிக்கு என்ன ஆச்சு, பாயி சாப்? அவர் நிஜமாவே மறந்துட்டாரா? மறந்திருந்தா மறந்தார்னு சொல்லிடுங்க. இனிமே நான் அழ மாட்டேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அதைத்தானே விண்ணப்பமும் சொல்கிறது? கனிமொழி பெட்டியில் இருந்த விசாரணைக் காகிதத்தின் ஒற்றைப் பக்கத்தை, ஓட்டுநரின் பெயரோ சாவோ இல்லாத பக்கத்தை, பார்த்து 'ஓட்டுநரின் கவனக்குறைவால் வாகனம் நின்றபோது' என்று சுத்தமாக எழுதியிருந்தாள். கலியன் அந்த வரியைப் படித்தார். படித்துவிட்டுத்தான் அடியில் கையெழுத்துப் போட்டார். அந்த விசாரணைக் காகிதத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்து போட்ட முதல் கையெழுத்துக்கு இருபத்துநாலு வயசும் நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலும் சாக்கு. மூன்று மாசம் முன்னால் ஃபேனுக்கு அடியில், மோர் குடித்துக்கொண்டு போட்ட இரண்டாவது கையெழுத்துக்கு எந்தச் சாக்கும் இல்லை.

"மறக்கல" என்றார் கலியன்.

குரல் சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார்.

"அவன் மறக்கல, பெஹன்ஜி. காலையில அஞ்சு மணிக்கு ரெண்டு டின் தண்ணி ஊத்தினான். டீ ஆறிடும், வாடான்னு நான்தான் கத்தினேன். வண்டி நிக்கல. நான் நிறுத்தச் சொன்னேன்."

கலியன் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"மூணு லாரி போச்சு. எங்களுது கடைசி. பஜார்ல எங்கேயும் நிறுத்தக் கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு. நரேனும் அதைச் சொன்னான். நான்தான் ரெண்டே நிமிஷம்னு கெஞ்சினேன். சிரிச்சுக்கிட்டே ஓரம் கட்டினான். நான் இறங்கிக் கடைக்குப் போனேன். முன்னாடி போன ரெண்டு வண்டியும் தெருமுனை திரும்பி மறைஞ்சுடுச்சு. சந்துலேருந்து குண்டு வந்து வண்டிமேல விழுந்தது. அவன் ஸ்டியரிங்லயே இருந்தான். எனக்குப் பின்னாலேருந்து இடுப்புல பட்டது."

"என்ன கடைக்கு?" என்று சந்தோஷ் கேட்டார். "தண்ணியா? மருந்தா?"

இத்தனை வருஷமும் கலியன் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். மருந்து என்று சொல்லலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"புஸ்தகம்" என்றார். "தமிழ் வாரப் பத்திரிகை. கயித்துல மாட்டியிருந்தது. அதுல ஒரு தொடர்கதை படிச்சுக்கிட்டிருந்தேன். இலங்கைக்கு அனுப்பினதுலேருந்து பத்திரிகை கிடைக்கல. கதை என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு..."

எழுதுகிற எனக்கே இந்த இடத்தில் கை கூசுகிறது. இப்படி ஒரு தொடர்கதையை நம்பித்தான் நானும் பிழைக்கிறேன்.

"புஸ்தகத்துக்காவா?" என்றாள் பூங்கோதை. அந்த அறையில் அந்நேரம் கேட்ட ஒரே தமிழ் அதுதான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்துநாலு வருஷம் அந்தத் தழும்புக்கு விளக்கெண்ணெய் தடவிய கை அது. பத்திரிகையைக் கண்டால் இந்த மனுஷன் ஏன் எரிந்து விழுந்தார் என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததில் அவளுக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

"ஆபீசர் படுக்கைக்கே வந்து, வண்டி ஏன் நின்னுதுன்னு கேட்டார்" என்று கலியன் தொடர்ந்தார். "உத்தரவை மீறினேன்னு சொன்னா கோர்ட் மார்ஷல். வேலை போயிடும். எஞ்சின் சூடாயிடுச்சுன்னு சொல்லிட்டேன். செத்தவனை யாரும் தண்டிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். பதக்கத்துக்கு அப்பவே படிவம் கொடுத்தாங்க. அதுல நடந்ததை விவரமா எழுதணும். அதனால வாங்கிக்கல. இப்ப வயசான காலத்துல ஆசை வந்துடுச்சு. தப்புன்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

கனிமொழி ஃபைலைத் திறந்தாள். 'கவனக்குறைவால்' என்று தான் தட்டச்சு செய்த வரியைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அப்பா, இதை நான் எழுதினப்போ பக்கத்துலதானே ஒக்காந்து இருந்தீங்க? ஏக் பார் பி நஹீ போலா! ஒரு தடவைகூடச் சொல்லல!"



அர்ஜுன் எழுந்து பால்கனிப் பக்கம் போய் நின்றுகொண்டான். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். அவன் வந்து சட்டையைப் பிடித்து உலுக்கினால் தேவலை என்று கலியனுக்கு இருந்தது. அவன் திரும்பவே இல்லை.

சந்தோஷ் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாதாரணமாக விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"அந்தப் புஸ்தகம் வாங்கினீங்களா?"

"வாங்கினேன். கையில இருந்தது."

"அப்புறம்? படிச்சீங்களா?"

கலியன் கண்ணை மூடிக்கொண்டார். இதை அவர் கோவிலில்கூடச் சொன்னதில்லை.

"படிச்சேன், பெஹன்ஜி. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு. ரெண்டு தடவை படிச்சேன்."

சந்தோஷ் மெதுவாகத் தலையாட்டினார். மேஜைமேல் தான் வைத்த காகிதத்தை எடுத்து, பழையபடியே மடித்து, துப்பட்டாவில் முடிந்துகொண்டார். "டில்லியில எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"முப்பத்தொண்ணு."

"எங்க ஊருக்கு இங்கேருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது" என்றார். அதில் கோபம் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் கலியனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நடந்ததை எழுதிக் கொடுத்துடறேன்" என்றார் கலியன் அவசரமாக. "விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறேன். விசாரணையில அன்னிக்குச் சொன்னது பொய்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். என் பென்ஷனை நிறுத்தினாலும் சரி. கனி, பேப்பர் எடும்மா."

கனிமொழி எழுந்தாள். சந்தோஷ் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"எழுதுங்க. அது ஆபீசுக்கு. ஆபீஸ் எங்களை என்ன செஞ்சுது? எங்களைப் பேசினது எங்க தெரு." துப்பட்டாவைத் தலைமேல் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "மாமியார் இருக்காங்க, பாயி சாப். தொண்ணூறு தாண்டிடுச்சு. தன் பிள்ளையை அப்படிச் சொல்லிட்டு, ராத்திரி என்கிட்டதான் வந்து அழுவாங்க. நீங்க இப்ப எங்ககூட வந்து, என்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லணும்."

"இப்பவா?"

"இப்பதான்."

"நாளைக்குக் காலையில, வெளிச்சத்துல நானே..." என்றவர், நஜஃப்கர் பஸ் ஸ்டாண்டில் குடித்த டீ ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அவங்களுக்குக் காது அடைச்சுப் போச்சு" என்றார் சந்தோஷ். "மெதுவா சொன்னா கேக்காது. வாசல்ல கட்டில்ல உட்கார்ந்திருப்பாங்க. பக்கத்துல நின்னு கத்தித்தான் சொல்லணும். தெரு முழுக்கக் கேக்கும். கேக்கட்டும்."

பால்கனியிலிருந்து அர்ஜுன் வந்தான். யாரையும் பார்க்காமல், வேன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

கலியன் செருப்பைத் தேடினார். அது அவர் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது, தெரியவில்லை. பூங்கோதைதான் குனிந்து எடுத்து அவர் காலடியில் போட்டாள். அப்போதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கனிமொழி ஃபைலை மடியில் வைத்தபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

படிக்கட்டில் சந்தோஷ் முன்னால் இறங்கினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, மேலே திரும்பிப் பார்த்தார்.

"பாயி சாப், நீங்க என்கிட்ட பேசினது சரியாவே கேக்கல. 'நான்தான் நிறுத்தச் சொன்னேன்'னு ஒரு தடவை சத்தமா சொல்லுங்க பார்ப்போம்."

கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. சதாசிவம் வாசலில் நின்று, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "யாரு கலியன் சார், பட்டாளத்து ஃப்ரெண்டா?" என்று கேட்டார்.

கலியன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.